டிவியின் முதுகு

அலுவலகம் விட்டு வந்ததும் என் கை தானாகவே டிவியின் பின்புறத்தைத் தொட்டது. வெதுவெதுப்பு. சூடேறிய தூசியின் வாசனை. அவ்வளவுதான், சின்ன வயதில் குடியிருந்த முடிச்சூர் சாலை வாடகை வீட்டுக்குள் விழுந்துவிட்டேன்.

அப்பா தாம்பரத்தில் ரயிலிறங்கி வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் டிவியின் முதுகில் கை வைப்பார். "சூடா இருந்துச்சுன்னா கராத்தே கிளாஸ் கட்" என்று பத்தாவது படித்த அக்காவிடம் சொல்லியிருந்தார். அந்தக் கிளாஸ்தான் அவளுக்கு உயிர்.

இருந்தும் அன்று வாடகை சிடி போட்டோம். ஜப்பானில் வருடக்கணக்காக ஓடிய காமிக்ஸிலிருந்து வந்த சண்டைக் கார்ட்டூன். சிஷ்யையிடம் உதை வாங்கிய குரு கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தபோது கரண்ட் போனது.

"நல்லதாப் போச்சுடா, ஆறிடும்" என்று அக்கா ஈரத்துண்டால் டிவியை ஒற்றி எடுத்தாள்.

அப்பா வந்து கை வைத்தார். சில்லென்றிருந்தது.

"படிச்சீங்களா?"

"படிச்சோம்ப்பா."

அந்த நொடியில் கரண்ட் வந்தது. ஸ்விட்சை அணைக்க மறந்திருந்தோம். சிடி முதலிலிருந்து ஓட, ஜப்பானிய டைட்டில் பாட்டு வீடு முழுக்க அலறியது. பாட்டிலேயே குரு மறுபடி பறந்தார். அப்பாவின் உதடு துடித்தது. சிரித்துவிடுவார் என்றே நம்பினேன்.

"நாளைலேர்ந்து கிளாஸ் கிடையாது."

அக்கா அழவில்லை. வெள்ளைக் கராத்தே உடுப்பை மடித்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு அவரெதிரில் அவள் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

டிவியிலிருந்து கையை எடுத்துத் திரும்பினேன். வாசற்படியில் என் மகள், என் கையையே பார்த்தபடி.

"படிச்சேன்ப்பா" என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.