கிஸ்மிஸுக்குக் கொடுத்த பாதி மாத்திரை

முல்லா வீதியில் சமோசா மடித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஷாஜாதி வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வழக்கம் ஒன்றுதான். பெரியவர்களுக்கு ஒரு பாரசிட்டமால், பிள்ளைகளுக்குப் பாதி. கொடுக்குமுன் குல்ஹுவல்லாஹு மூன்று முறை ஓதி ஊதுவாள். இரண்டு மகள்களையும் அப்படித்தான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள்.

அவர்கள் போன பிறகு வந்தது பூனை கிஸ்மிஸ். உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கில் மட்டும் உலர்ந்த திராட்சை போல ஒரு புள்ளி. அவள் மாவு பிசையும்போது முந்தானையில்தான் படுக்கும்.

“எனக்கு டீக்கு வழியில்ல, பூனைக்கு வீராம்பட்டினத்து மீனு” என்று வம்பிழுப்பார் கணவர் ஹிதாயத்துல்லா. அந்த மீனைத் தன் ஆட்டோவில் போய் வாங்கி வருவதும் அவர்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கிஸ்மிஸ் சாப்பிடவில்லை. காது சுட்டது. சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு ஷாஜாதி பாதி மாத்திரையைப் பொடித்துப் பாலில் குழைத்தாள். ஓதி ஊதினாள். “பிஸ்மில்லா. குடிடா தங்கம், சரியாப் போயிடும்.”

அவள் கையால் கொடுத்த எதையும் அது மறுத்ததில்லை. கசந்தும் குடித்தது.

விடியலில் சுபுஹு தொழ எழுந்தபோது அதன் முகம் வீங்கியிருந்தது. ஈறு பழுப்பேறி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

“என்னம்மா குடுத்தீங்க?” என்றார் டாக்டரம்மா.

“காய்ச்ச மாத்திரைம்மா. பாதிதான்.”

“பூனைக்கு அது விஷம்மா. பாதி என்ன, கால்கூட ஆவாது. அது உடம்பு தாங்காது.”

ஊசி போட்டுப் பார்த்தார்கள். மதியத்துக்குள் கிஸ்மிஸ் அவள் மடியிலேயே அடங்கிவிட்டது.

“நல்லதுக்குத்தான குடுத்த. அல்லாவுக்குத் தெரியும்” என்றார் ஹிதாயத்துல்லா.

“எனக்குத் தெரியலியேங்க.”

கொல்லையில் புதைத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுத் தையல்நாயகி கொதித்துக்கொண்டிருந்தாள். “மளிகைக்கடை பக்கிரி வேலதான் பாயம்மா. கடையில எலி மருந்து வெச்சிருக்கான். வாங்க, போய் நாலு வார்த்த கேப்போம்.”

ஹிதாயத்துல்லா ஷாஜாதியைப் பார்த்தார். சொல்லாதே என்பது போலிருந்தது அந்தப் பார்வை. தெருவில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். கடைவாசலில் பக்கிரியும் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர ஒண்ணும் சொல்லாத தையலு” என்றாள் ஷாஜாதி, எல்லோருக்கும் கேட்கும்படி. “நான்தான் குடுத்தேன். புள்ளைங்களுக்குக் குடுக்கிற மாத்திரைய, ஓதி ஊதி, என் கையாலயே குடுத்தேன். ஒங்க வீட்டுப் பூனைக்கும் குடுத்துடாதீங்க.”

புதைத்த மண் இன்னும் ஒட்டியிருந்த அந்தக் கையை, தையல்நாயகி பிடித்துக்கொண்டாள்.