விடியற்காலை மிஸ்டு கால்

எங்கேயாவது ஒரு கைப்பேசி ஒரே ஒரு முறை ஒலித்துவிட்டுச் சட்டென்று அடங்கினால், பஸ்ஸில் இருந்தாலும் சரி, கல்யாண மண்டபத்தில் இருந்தாலும் சரி, உடனே மணி என்ன என்று பார்ப்பேன். மூன்று வருடத்துக்கு முன், பெங்களூர் பொம்மனஹள்ளியில், பனி விழுந்துகொண்டிருந்த ஒரு ஜனவரியில் ஏற்பட்ட பழக்கம் இது.

அப்போது ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஓனர் அம்மா வீட்டு மாடியில், ஒரு அறையும் சமையலறையுமாகக் குடியிருந்தோம். கணவர் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகும் கேப் ஓட்டுகிறார். முதல் பிக்கப்புக்காக மூன்றரை மணிக்கே கிளம்பிவிடுவார். மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில், கன்னட மீடியத்தில், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் கார்மெண்ட்ஸில் செக்கர். எட்டு மணி நேரம் வெள்ளை விளக்கின் கீழ் சட்டைகளைப் புரட்டிப் புரட்டிக் குறை தேடுகிற வேலை. தையல் விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை, ஒரு கையின் நிறம் மறு கையோடு ஒட்டாதது. குறை தெரிந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குறையே இல்லாத சட்டை கைக்கு வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். கண் அப்படிப் பழகிவிட்டது. வீட்டுக்கு வரும்போது கண்ணைக் கழற்றி வைத்துவிட்டா வர முடியும்?

எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் எப்போதும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். பத்தாவதில் தவறினால் குடியாத்தம் அத்தை வீடுதான். கணவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் குழம்பு ஊற்றும்போது சொல்வேன். அத்தைக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான், அதனால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. மகள் பதிலே சொல்ல மாட்டாள். தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவாள். விளையாட்டாகச் சொல்கிறோம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

இந்தச் சமயத்தில்தான் அந்த மணி.

காலை ஐந்துக்கு, என் கைப்பேசி ஒரு முறை ஒலிக்கும். ஒரே முறை. முதலில் கனவு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ராங் நம்பர் என்று நினைத்தேன். மூன்றாம் நாள், எழுந்ததும் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். என் காதால் கேட்ட அழைப்பு, பட்டியலில் இல்லை. ஐந்து மணி என்று ஒன்று அந்த வீட்டில் விடியவே இல்லாத மாதிரி, சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது.

பேச்சு இலவசமாகிவிட்ட காலத்தில் யார் மிஸ்டு கால் கொடுப்பார்கள்? குரல் கேட்கக் கூடாது என்று நினைப்பவர்கள்தான் கொடுப்பார்கள். அதை யார் அழிப்பார்கள்?

அன்று முதல் என் மகள் மேல் அம்புக்குறிகளை ஒட்டத் தொடங்கினேன். ஜன்னல் ஓரம் படுத்துக்கொண்டிருந்தவள், பாயைச் சார்ஜர் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறாள்: ஒரு அம்பு. மணி ஒலித்ததும் பூனை மாதிரி எழுந்து, முகம் கழுவி, பின்னல் போட்டுக்கொள்கிறாள். விடியாத நேரத்தில் யாருக்காகப் பின்னல்? இன்னொரு அம்பு. அப்புறம் கைப்பேசியை எடுத்து ஏதோ செய்கிறாள், திரும்ப வைக்கிறாள். சமையலறையில் குறைந்த வெளிச்சத்தில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்கிறாள். புத்தகம் திரைச்சீலை, அதற்குப் பின்னால் வேறு ஏதோ நடக்கிறது என்று போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் மணி வந்தது. அது போதாதா?

மத்தியானச் சாப்பாட்டின்போது, பக்கத்து டேபிள் தோழியிடம் சொன்னேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி. சோற்றைப் பிசைவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"இதுங்கள நம்பாதக்கா. எங்க சித்தப்பா பொண்ணு இப்படித்தான் விடியகாலைல எழுந்து படிச்சுது. படிச்சுது படிச்சுது, ஒரு நாளு துணிப்பையோட கெளம்பிடுச்சு."

செவ்வாய்க்கிழமை, கைப்பேசியை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தூங்குவதுபோல் படுத்திருந்தேன். ஐந்து மணிக்கு அது என் காதுக்கடியில் துடித்து அடங்கியது. இருட்டில் ஒரு கை மெதுவாக ஊர்ந்து வந்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "அலாரம்மா" என்றாள். என் மகள் என்னிடம் பொய் சொல்கிற குரலை அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போய், தோழியின் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டேன். "ஹேளி, யாரு?" என்று கன்னடத்தில் கேட்டது ஒரு ஆண் குரல். இளம் குரல். கையில் இருந்ததைக் கீழே போடுவதுபோல் இணைப்பைத் துண்டித்தேன்.

சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள், அது கணக்கு சார், நிறையப் பிள்ளைகளுக்கு இப்படிப் பண்ணுகிறார், எழுந்து படிப்பதற்கு. நம்பவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. நம்பியதால் பயம் இன்னும் ஏறியது. எந்த ஊர் வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் பெண்பிள்ளையை எழுப்புவார்? செய்தியில் தினமும் என்னவெல்லாம் வருகிறது? சரி, சார்தான் என்றால் எதற்கு அழித்தாய் என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. எத்தனை விதமாகக் கேட்டும் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் மேல் என் கடைசி ஸ்டிக்கரை ஒட்டினேன்.

அன்றே அந்த எண்ணை பிளாக் செய்தேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது என்றேன். கணவரிடம் மூச்சு விடவில்லை. விட்டால் அன்றைக்கே வண்டியைக் குடியாத்தத்துக்குத் திருப்புவார் என்று பயம். ஆனால் நானும் அதையேதான் செய்தேன். நாத்தனாருக்குப் போன் போட்டு, சனிக்கிழமை டிசி வாங்கிவிட்டு மகளை அழைத்து வருவதாகச் சொன்னேன். காரணம் கேட்கவில்லை அவர். எப்போது வேண்டுமானாலும் வரட்டும் என்றார், சந்தோஷமாக.

புதன், வியாழன், வெள்ளி. மூன்று விடியலிலும் மணி இல்லை. ஐந்து மணிக்கு இரண்டு பேரும் விழித்துக்கொண்டு, விழித்திருப்பதை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பனி சொட்டுவதைக் கேட்டபடி படுத்திருந்தோம். தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சனிக்கிழமை, காலை ஐந்தரை இருக்கும். கீழேயிருந்து ஓனர் அம்மா கூப்பிட்டார். உன்னைத் தேடி யாரோ வந்திருக்கிறார்கள் என்றார், கன்னடத்தில். படியில் நின்று எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டர் பக்கத்தில், ஸ்வெட்டர் போட்ட ஒரு இளைஞர், கையில் ஹெல்மெட். வீடு வரைக்கும் வந்துவிட்டானா என்று நினைத்தேன். என்ன வேகத்தில் இறங்கினேன் என்று தெரியாது.

அவர் கை கூப்பினார். கன்னடம் கலந்த தமிழில், தான் கணக்கு சார், உங்கள் மகள் மூன்று நாளாக வரவில்லை, காலும் போகவில்லை என்றார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"வயசுப் பொண்ணுக்கு விடியகாலைல கால் பண்ணச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னது?"

ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவளுக்கு இல்லம்மா. உங்களுக்கு."

பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். முழுக்கக் கன்னடம். அடியில், தமிழில், என் கையெழுத்து.

இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. இருபது வருடமாகப் பெங்களூரில் இருக்கிறேன். சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசுவேன், சூப்பர்வைசரிடம் கன்னடத்தில் சண்டை போடுவேன். காதில் விழுந்தால் புரியும், கண்ணில் பட்டால் புரியாது. பஸ் போர்டைப் படித்துச் சொல்வது என் மகள்தான். பள்ளியிலிருந்து வரும் தாளை அவள் நீட்டுவாள், அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவேன். இது ஹால் டிக்கெட்டுக்கு என்று சொல்லி வாங்கிய கையெழுத்து அது. கார்மெண்ட்ஸில் எங்கள் லைனில் பாதித் தாய்மார்கள் இப்படித்தான்.

அவர் படித்துச் சொன்னார். அப்போதும் நம்பவில்லை நான். தாளை அவர் கையிலிருந்து வாங்கி ஓனர் அம்மாவிடம் கொடுத்து, நீங்கள் படியுங்கள் என்றேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தெருவிளக்கின் பக்கம் தாளைச் சாய்த்து, சத்தமாக வாசித்தார். கணக்கில் தேறாத பிள்ளைகளின் தாய் அல்லது தந்தைக்கு. தேர்வு வரை தினமும் காலை ஐந்து மணிக்கு, ஞாயிறு உட்பட, உங்கள் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் வரும். நீங்கள் பிள்ளையை எழுப்பி, முகம் கழுவச் செய்து, புத்தகத்தின் முன் உட்காரவைத்துவிட்டு, அதே எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் திருப்பித் தர வேண்டும். பெண்பிள்ளைகளின் சொந்த எண் வாங்கப்பட மாட்டாது. மூன்று நாள் பதில் இல்லாவிட்டால் ஆசிரியர் வீட்டுக்கு வருவார்.

வாசித்து முடித்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

முதல் வரியில் நான் நின்றுவிட்டேன். கணக்கில் தேறாத பிள்ளைகள். அரையாண்டில் எல்லாவற்றிலும் பாஸ் என்று சொல்லியிருந்தாளே! திரும்பிப் பார்த்தேன். மாடிப்படியின் உச்சியில் போர்வையோடு நின்றுகொண்டிருந்தாள். எதற்கு அழித்தாள் என்று இப்போது நான் கேட்க வேண்டியதில்லை. தவறினால் அத்தை வீடு என்று தினமும் குழம்போடு சேர்த்து ஊற்றியவள் நான்தானே.

அந்த சார் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வேறொன்று சொன்னார்.

"உங்களப் பத்தி கிளாஸ்ல சொல்லுவேம்மா. ஒரு நாளுகூட மிஸ் பண்ணாத அம்மான்னு."

ஆகவே, அந்த மணி எனக்கு அடித்த மணி. நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு குறை தேடிய அத்தனை விடியலிலும், அவள்தான் எழுந்து, தன்னைத்தானே எழுப்பி, முகம் கழுவி, தன்னைத்தானே புத்தகத்தின் முன் உட்காரவைத்து, அம்மா எழுப்பிவிட்டாள் என்று பதில் மணி கொடுத்திருக்கிறாள். எனக்குப் பதிலாக, எனக்கே தெரியாமல், என் பிள்ளை தனக்குத்தானே அம்மாவாக இருந்திருக்கிறாள்.

அவர் வாரத் தேர்வுத் தாள்களையும் காட்டினார். இருபதுக்கு மூன்று. இருபதுக்கு ஏழு. இருபதுக்குப் பதினொன்று. எண்கள் எந்த மொழியிலும் எனக்குப் படிக்க வரும். பிறகு தயங்கித் தயங்கி, கன்னடம் படிக்க வருமா என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லையே, நாங்கள் கேட்டிருக்க வேண்டும் என்றார். எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாததற்கு அவர் தலை குனிந்துகொண்டு நின்றார்.

அவள் தேர்வு எழுதினாள். கணக்கில் பிரமாதமாக ஒன்றும் வாங்கிவிடவில்லை, தேறினாள். இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். தேர்வு வரை மிச்சமிருந்த நாளெல்லாம் ஐந்து மணிக்கு எழுந்தது நான். குடியாத்தத்துக்குப் போன் போட்டு இல்லை என்று சொன்னதும் நான்தான். நாத்தனார் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போதும் காலேஜிலிருந்து தாள் எது வந்தாலும் இரண்டு பேரிடம் படிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. கணவர் கிண்டல் செய்கிறார்.

சந்தேகப்பட்டது தப்பு என்று இன்றும் சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவள் விடியற்காலை மணிக்குச் சந்தேகப்படத்தான் வேண்டும். அந்த சாருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்டைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை, மாடியைப் பார்த்துக் குரல் கொடுக்கவில்லை, ஓனர் அம்மாவை எழுப்பி என்னைக் கூப்பிடச் சொன்னார். இதெல்லாம் எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது. ஒரு சட்டையை ஒதுக்கும் முன் விளக்கடியில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிற நான், பிள்ளையின் படிப்பை ஒதுக்கும் முன் நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்கவில்லை. பிள்ளைகள் படிப்பதற்கு என்ன வேண்டும் என்று யாராவது பெரிய வார்த்தைகளில் பேசும்போதெல்லாம், பனியில் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்ற அந்த மனிதரும், உள்ளே நின்ற நானும், நடுவில் இருந்த அந்த ஒரு அடி தூரமும்தான் நினைவுக்கு வருகின்றன.

அன்று அவர் ஹெல்மெட்டை மாட்டும்போது, இன்றைக்கு டிசி வாங்க வருவதாக இருந்தேன் சார் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஸ்கூட்டரில் போட்ட சாவியைத் திரும்ப எடுத்தார். பிறகு நிமிர்ந்து, மாடிப்படிக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் உரக்கவே சொன்னார்:

"சண்டைக்கு வாங்க, கேள்வி கேக்க வாங்க, எப்ப வேணும்னாலும் வாங்கம்மா. டிசிக்கு மட்டும் வராதீங்க."