சின்னராசு பிடித்த கட்சி

மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டுச் சின்னராசுவுக்கு மரவள்ளிக் காடும் மிளகுக் கொடியும் போக, சொந்தமாக இருந்தது வீம்பு ஒன்றுதான். மகள் பரிமளா, மலைக்குக் கட்டட வேலைக்கு வந்த முள்ளுக்குறிச்சி பிரவீனைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கிய அன்றைக்கு, செத்தவளுக்குச் செய்வதுபோல ஊர் பார்க்க ஓடையில் தலை முழுகினார். பிறகு வருஷக்கணக்கில் அந்த வீட்டில் அவள் பேச்சே இல்லை. அவருக்கும் மகளைப் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. இறங்கி வரத்தான் மனசில்லை.

போன தை மாதம் செம்மேட்டுச் சந்தையில், மனிதர்களின் பூர்வீகத்தை ஆராய்கிற யமுனா என்ற பெண் சோதனைக்காக ஆட்களிடம் எச்சில் சேகரித்துக்கொண்டிருந்தாள். அவள் நீட்டிய குழாயில் துப்பிவிட்டு, "இதுல என்னங்க தெரியும்?" என்றார் சின்னராசு.

"மனுசங்க எங்கிருந்து வந்தாங்கன்னு தெரியுமுங்க. இதுல ரெண்டு கட்சி. எல்லாரும் ஆப்பிரிக்காவுல பொறந்து உலகம் பூரா பரவுனவங்கன்னு ஒண்ணு. அங்கங்க இருந்த பழைய மனுசங்களே அங்கங்க மாறி இப்படி ஆனாங்கன்னு இன்னொண்ணு."

"அடி சக்கை! ரெண்டாவதுதாங்க சரி. மலைமேல இருக்குற நாங்க வேற, கீழ்நாட்டுக்காரங்க வேற."

"இல்லீங்க. ஆதாரம் பெரும்பாலும் மொதக் கட்சிக்குத்தான். ரெண்டாவது கட்சிக்காரங்களும் சனங்க கலந்துக்கிட்டேதான் இருந்தாங்கன்னு சொல்றாங்க."

மனுஷன் காதில் வாங்கினால்தானே! நேரே வீட்டுக்கு வந்து, தான் செய்தது நியாயம்தான் என்று படித்தவர்களே சொல்லிவிட்டதாக மனைவி அத்தாயியிடம் அளந்தார்.

அத்தாயி கையிலிருந்த மரவள்ளிக் கிழங்கைக் கீழே போட்டாள்.

"காஞ்சியிலிருந்து வந்த அண்ணந்தம்பிங்க வம்சம் நாமன்னு கல்யாணத்துக்குக் கல்யாணம் கதை சொல்றது யாரு? நீங்கதானே? வந்த அண்ணந்தம்பிங்க பொண்டாட்டியக் கூடவா கூட்டியாந்தாங்க? வேற வேற சாதியிலதானே பொண்ணு கட்டுனாங்க? அவங்களுக்கு யாருங்க தலை முழுகுனாங்க?"

சின்னராசு தானே நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன கதை. மகளைப் பார்க்க வேண்டும் என்று அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. பாவம், மனைவி எதிரிலேயே விசும்பி விசும்பி அழுதார்.

மறுநாள் மலைவாழைச் சீப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். முள்ளுக்குறிச்சியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். கதவைத் திறந்த பரிமளா அப்படியே நின்றுவிட்டாள்.

"கண்ணு..." என்றார்.

அவள் கண்ணிலும் பொலபொலவென்று கொட்டியது. ஆனால் வாசலை விட்டு நகரவில்லை.

"நீங்க தலை முழுகுனதக் கேட்டப்புறம் நான் என்னப்பா பண்றது? அம்மாவப் பெத்த அப்புச்சி செத்துட்டாருன்னு எம்பையங்கிட்டச் சொல்லிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு இப்ப வந்துருவான். யாருன்னு கேட்டா என்னன்னு சொல்லட்டும்?"

தப்பு அவள்மேல் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. வாழைச் சீப்பை அவள் கையில் கொடுத்தார்.

"பழம் விக்க வந்த மலைக்காரன்னு சொல்லு, சாமி" என்றார்.