மை அழிந்த வால்கள்

காலை பத்து இருபதுக்கு அண்ணி போன் செய்தார். வேலைக்குக் கிளம்பிய அண்ணன் பேருந்து நிறுத்தத்தில் சரிந்து விழுந்து, மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே போய்விட்டான். இன்றோடு பதினொரு நாள். படுக்கிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி படுக்கிறேன்.

பத்தொன்பது வருடம் ஆய்வக எலிகளைப் பார்த்துக்கொண்டவன் அவன். எந்த மூலிகைச் சாறும் மனிதர் வாய்க்கு வருமுன் அவனுடைய எலிகளின் வயிற்றுக்குப் போகும்.

"என் மருமகப்பிள்ளைங்க சாப்டாச்சா?" என்று கேட்பேன்.

"உன்ன மாதிரி மிச்சம் வைக்கிற புத்தி அவங்களுக்கு இல்ல."

எலிகளின் வாலில் மை வளையம் போடுவார்கள். வெறும் தண்ணீர் குடிப்பவற்றுக்கு ஒன்று, சாறு அதிகம் குடிப்பவற்றுக்கு நான்கு. மூன்று நாளில் மை அழியும். அதற்குள் மேலே இன்னொரு முறை போட வேண்டும். மூட்டுவலிக்கான இலைச்சாற்றைச் சோதித்தபோது அண்ணன் காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. அவனுக்குப் பதிலாக வந்தவன் மை போடவில்லை. கூண்டு கழுவும்போது தண்ணீர் எலிகளையும் சாறு எலிகளையும் ஒரே தொட்டியில் விட்டிருந்தான். திரும்பி வந்த அண்ணன் மேலதிகாரியிடம் சொல்லாமல், முகம் பார்த்தே பிரித்து வளையம் போட்டான். மறுநாள் காலை ஒற்றை வளைய எலி ஒன்று செத்துக் கிடந்தது. வாயைத் திறந்தால் கீழ்ப்பல் கோணல். அது நான்கு வளைய எலி என்று தினமும் அதன் வாயில் சாறு விட்டவனுக்குத் தெரியாதா?

தண்ணீர் எலி செத்ததாகப் பதிவாகிவிட்டது. சாற்றின் மேல் பழி இல்லை. அன்று மாலை போன் செய்தான்.

"ஒத்துக்கிட்டா வேலை போயிடும் பாப்பா."

"வாய மூடிட்டு இருண்ணா. ஒரு எலி செத்ததுக்கு யாரு கேக்கப்போறா?"

"நாளைக்கு நம்ம பெரியம்மாவே முட்டிவலின்னு அத வாங்கிக் குடிப்பாங்களே?"

"அவங்க கல்லையே செரிச்சிடுவாங்க."

சிரித்தான். நானும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

விழுந்த அன்று அவன் கொண்டுபோன பையில் தவறு தெரிவிக்கும் படிவம் இருந்தது. கூண்டு எண், கோணல் பல், தான் செய்த தவறு, எல்லாம் எழுதியிருந்தான். நேற்று அதை அந்தச் சோதனையை நடத்திய ஆய்வாளரிடம் கொண்டுபோனேன். இரண்டு முறை படித்தார்.

"இத வெச்சு அறிக்கைய திருத்த முடியாதும்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டானா, ஆய்வகத்துக்குப் போய் மீதியை எழுதிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தானா, தெரியவில்லை. அவன் இறந்த நாளின் தேதியைப் போட்டிருக்கிறான். கையெழுத்துப் போடவில்லை.