தாங்கியில் கொளுவிய பாரம்

கப்பலின் நீராவிக் கொதிகலனான பொயிலருக்குள் ஆள் நுழையும் துவாரம் நீள்வட்டமாக இருக்கும். முதலில் ஒரு கையையும் தலையையும் விட்டு, தோளைச் சரித்து, மூச்சை முழுக்க வெளியே விட்டால்தான் உடம்பு உள்ளே போகும். அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல் திருத்தும் ஒரு பட்டறையில் வேலையாட்களை மேய்க்கும் போர்மனாக இருந்தேன். ஒடுங்கிய இடமென்றால் நடுங்குகிற ஒருவன் அந்த வேலையில் போய்ச் சேர்ந்தது என் தலையெழுத்து. உள்ளே போக வேண்டிய வேளைகளில் ஏதாவது சாட்டுச் சொல்லி, வெளியே நின்று டோர்ச் அடித்துப் பார்த்தே சமாளித்துவிடுவேன். இதைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான். கிண்ணியாவிலிருந்து தோணியேறி வேலைக்கு வரும் வெல்டர். என்னைவிட இரண்டு வயதுதான் கூட என்றாலும் பட்டறை முழுவதும் அவரை அண்ணன் என்ற முறையில் காக்கா என்றே கூப்பிட்டது. தெரிந்தும் அவர் யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை.

ஒருமுறை ஒரு பழைய சரக்குக் கப்பலின் பொயிலரைத் திருத்த வேண்டி வந்தது. நெருப்பறைக்குள் பழுதான குழாய்க் கட்டைக் கழற்றிக் கீழே இறக்க வேண்டும். பாரம் இறக்கும் சங்கிலிக் கப்பியை, செயின் புளொக்கை, எதில் கொளுவி மாட்டுவது என்று காக்கா கேட்டார். மேலே குழாய்களைப் பிடித்திருந்த தாங்கிகளில் ஒன்றிலேயே கொளுவச் சொன்னேன். அவை 310 என்ற வகைத் துருப்பிடிக்காத உருக்கு. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு குரோமியமும் இருபது பங்கு நிக்கலும் கலந்தது. செக்கச்செவேலென்று காய்ந்தாலும் செதில் செதிலாக உரியாது. சாதாரண இரும்பு துவண்டுபோகும் சூட்டிலும் பிடித்ததை விடாது. உலைகளுக்குள்ளும் பொயிலர்களுக்குள்ளும் அதைப் போடுவது அதனால்தான். இத்தனை வருடம் நெருப்பில் நின்றது, ஆறிக் கிடக்கும்போது இந்தப் பாரத்தைத் தாங்காதா என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டு, மாற்றுத் தாங்கிகளுக்கு ஓடர் எழுத என் அறைக்குப் போனேன்.

அளவு பார்க்க அந்த உருக்கின் கைநூலைப் புரட்டியபோதுதான் கடைசிப் பக்கத்துக் குறிப்பு கண்ணில் பட்டது. அறுநூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் இடைப்பட்ட பாகைச் சூட்டில் நெடுங்காலம் கிடந்தால் அதன் உள்ளமைப்பு மாறிவிடுமாம். சூடாக இருக்கும்வரை தெரியாது. ஆறிய பிறகு ஓடுபோல உடையும். அப்போது அதைத் தட்டவோ அதிரவிடவோ கூடாது. காக்காவும் மூதூரைச் சேர்ந்த ஒரு வயதான உதவியாளும் அந்தப் பாரத்துக்குக் கீழேதான் இருந்தார்கள்.

ஓடினேன். வெளியே இரும்பு தீட்டும் கிறைண்டர் இரைந்துகொண்டிருந்தது. கத்தினாலும் உள்ளே கேட்காது. கேட்டுத் திடுக்கிட்டுச் சங்கிலியை உலுக்கிவிட்டாலோ அதைவிட மோசம். வேறு வழியில்லாமல் தலையைத் துவாரத்துக்குள் விட்டேன். எப்படிப் போய் விழுந்தேனோ தெரியாது. உள்ளே கரியும் இருட்டும். குழாய்க் கட்டு ஆள் உயரத்தில் தொங்கியது. உதவியாள் அந்தப் பக்க மூலையில் இருந்தார்; அவர் வெளியே வருவதென்றால் பாரத்துக்குக் கீழால்தான் வர வேண்டும். காக்காவின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் மேலே ஒருமுறை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது.

"மூணு பேருக்கு இதுக்குள்ள எடமில்ல. நீங்க வெளிய போங்க ஐயா, நான் மெல்ல இறக்குறன்."

இடம் இருந்தது. அவருடைய இரண்டு கைகளும் சங்கிலியில் இருந்தன. பாரம் ஊசலாடாமல் இந்தப் பக்கத்தில் பிடிக்க இன்னொருவர் தேவைப்பட்டது. அது எனக்கு நன்றாகத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் வெளியே வந்துவிட்டேன்.

துவாரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, செயின் புளொக்கின் பல் ஒவ்வொன்றாக விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். நடுவில் அது நின்றுபோனது. எவ்வளவு நேரமென்று சொல்லத் தெரியவில்லை. நான் அறிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். மறுபடி சத்தம் தொடங்கியது. கடைசியில் பாரம் தரையில் வந்திறங்கிய ஓசை கேட்டது. உதவியாள் தவழ்ந்து வந்தார், பின்னால் காக்கா. பிறகு அவர் ஒரு நீளக் கம்பியை உள்ளே விட்டு அந்தத் தாங்கியை இலேசாகத் தட்டினார். அது இரண்டாக உடைந்து விழுந்தது.

தேநீர் வேளையில் காக்கா எல்லோருக்கும் கதை சொன்னார். போர்மன் ஐயா உள்ளே வந்து கடைசிவரை பாரத்தைப் பிடித்தாராம். உதவியாள் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார். அந்தத் தாங்கியில் கொளுவச் சொன்னது நான்தான் என்பதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அன்றிலிருந்து பட்டறையில் எனக்கு மரியாதை கூடியது. காக்கா ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பதினொரு வருடம் கூட வேலை செய்தும் வரவில்லை.

போன மாதம் அவர் மௌத்தான மரணச் செய்தி கேட்டுக் கிண்ணியாவுக்குப் போனேன். இப்போது தோணி தேவையில்லை, பாலத்தால் பஸ் போகிறது. மகள் தேநீர் தந்துவிட்டு என் பெயரைக் கேட்டாள். கேட்டதும் கண் கலங்கிவிட்டாள்.

"பொயிலருக்குள்ள வாப்பாவோட நிண்டது நீங்கதானே? நீங்க புடிக்காட்டி, எங்களுக்கு வாப்பா இல்லையெண்டு சொல்லுவார்."

"ஓம், நான்தான்" என்றேன். வேறேதும் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் தேநீரை அவசர அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்தேன்.