துரை வீட்டுச் சடைநாயும் இளையதம்பியும்

உன்னிச்சை ஊர் இளையதம்பி பதினொரு வருடம் குதிரை தேய்த்தவர். மட்டக்களப்புப் புளியந்தீவில் வாவிக்கரையோரம் குடியிருந்த வெள்ளைக்கார என்ஜினியர் துரை 1930இல் குதிரையை விற்றுவிட்டுக் கார் வாங்கினார். கார் தேய்க்கக் கொழும்பிலிருந்து வேறு ஆள் வந்தான். இளையதம்பி மூட்டை கட்டினார். அந்தக் கிழமைதான் துரையின் மனைவி துரைச்சாணி சீமையிலிருந்து ஒரு சடைநாயோடு வந்து சேர்ந்தார். மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள்.

நாயின் பெயர் புறூஸ். சமையல்கார நல்லரத்தினம் அதைப் 'புறூசு' என்றுதான் கூப்பிட்டார். தேய்க்கிற பிரஷுக்கும் ஊரில் அதே பெயர்தான்; வேலைக்குப் பொருத்தம் என்று இளையதம்பி நினைத்துக்கொண்டார்.

அதற்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீண்ட முரட்டு முடி. அடியில் இலவம்பஞ்சு போல இன்னொன்று. குதிரைச் சீப்பு மேலேயே வழுக்கியது. ஒரு மாதம் தடுமாறிய பிறகு வழி பிடிபட்டது. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோலிலிருந்து வெளியே இழுத்து வாரவேண்டும். வாரி முடிக்குமுன் குளிக்க வார்த்தால் அடிமுடி கயிறாய்த் திரிந்துவிடும். இதையும் ஒரு தடவை செய்துதான் அறிந்தார்.

முதல் வருடம் நாய் சீமைக் கணக்கில் முடி உதிர்த்தது. இரண்டாம் வருடம் எந்தக் கணக்கும் இல்லாமல் உதிர்த்தது. மூன்றாம் வருடம் மட்டக்களப்புக்குப் பழகி, மாரியில் அடர்ந்து, கோடையின் கச்சான் காற்றோடு கொத்துக் கொத்தாய் உதிர்த்தது. அந்த மாதங்களில் துரையின் சூப்பிலும் முடி கிடந்தது. நல்லரத்தினம் அதற்காகப் பேச்சு வாங்கினார்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் இளையதம்பியின் உடுப்பில் வெள்ளை முடி ஒட்டியிருக்கும். மனைவி சீதேவிப்பிள்ளை அதை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவாள். ஒரு நாள் கேட்டாள்:

"இத்தன வருசத்தில எனக்கு ஒரு நாள் தலை இழுத்து விட்டிருக்கீங்களா?"

இளையதம்பி யோசித்துப் பார்த்தார்.

"உனக்குச் சிக்கு இல்லையே புள்ள."

அன்று அவருக்குச் சோறு தாமதமாகக் கிடைத்தது.

1934 வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கென்று எட்டு நாள் லீவில் போனார். திரும்பி வந்தபோது சமையலறைக்குப் பின்னால் வேறொரு நாய் படுத்திருந்தது. மெலிந்த, இளஞ்சிவப்பு நாய். அது வாலை ஆட்டியபோதுதான் யாரென்று தெரிந்தது. வெயிலுக்குப் பாவம் என்று துரை, தனக்கு முடி வெட்ட வந்த நாவிதரைக் கொண்டு அதையும் மழிப்பித்திருந்தார். முதுகுத் தோல் வெந்து கொப்புளித்திருந்தது. இளையதம்பி அதன் பக்கத்தில் சிறிது நேரம் குந்தியிருந்தார். பிறகு எழுந்து, வாழ்நாளில் முதல் தடவையாக, கூப்பிடாமலே துரைக்கு முன்னால் போய் நின்றார்.

"வெயிலுக்கெண்டு ஆரும் கூரையப் பிரிப்பாங்களா ஐயா?"

துரைக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் அவர் பத்திரிகையை மடித்து வைத்தார்.

இளையதம்பி தான் உடுத்த பழைய சாரம் ஒன்றைக் கிழித்து நாய்க்குச் சட்டை தைத்தார். புண்ணுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசினார். பொழுது சாயும்வரை வெளியே விடவில்லை. துரைச்சாணி பங்களாவுக்குள் கத்தரிக்கோலே வரக்கூடாது என்று சொல்லிவிட்டதால், துரை முடி வெட்ட மாதாமாதம் கடைத்தெருவுக்கு நடந்தார். சடை பழையபடி வர இரண்டு மாரி எடுத்தது. அதிலும் அடிமுடிதான் முந்திக்கொண்டு தும்பு மாதிரி வந்தது. அந்த இரண்டு வருடமும் நாயைப் பார்த்தவர்கள் என்ன சாதி என்று கேட்டார்கள். சரியான சாதிதான் என்றார் இளையதம்பி.

1937இல் துரைக்கு மாற்றல் வந்தது. கப்பல் பயணத்துக்கு நாய் தாங்காது என்றார்கள். இளையதம்பி அதை மாட்டு வண்டியில் ஏற்றி உன்னிச்சைக்குக் கொண்டுபோனார். நாய் வாசலுக்கு வரக்கூடாது என்றாள் சீதேவிப்பிள்ளை. அவர் வட்டைக்கு வேளாண்மை வேலைக்குப் போன நாள்களில் வாசலில் வைத்து அதை வாரியவளும் அவள்தான். அவரைவிட அவளுக்குக் கை மென்மை என்று அயலவர்கள் சொன்னார்கள்.

ஊருக்கு வந்த மூன்றாம் வருடம் மார்கழி மழையில், சடை முழுவதும் அடர்ந்திருந்த நேரத்தில், நாய் செத்தது. குளக்கட்டுக்குக் கீழே புதைத்தார்கள். அதன்பிறகு இளையதம்பி எந்த நாய்க்கும் சீப்பு எடுக்கவில்லை. உன்னிச்சை நாய்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.