எனக்கு நானே சுற்றிப்போட்ட திருஷ்டி

எனக்குக் கண்பட்டுவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள், காரணம் இருந்தது. மூட்டுவாதத்துக்காகப் பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டதில் என் முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. குரோம்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தவர்களெல்லாம், "ஆளு சும்மா தளதளன்னு ஆயிட்டீங்களே சார்!" என்றார்கள். நானும் வெட்கத்தோடு ஏற்றுக்கொண்டேன்.

அந்த வாரம்தான் டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்திருந்தார். சில நாளில் தோள், இடுப்பு, தொடை எல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. பல் தேய்த்ததுமே மறுபடி படுக்க வேண்டும்போல் அசதி. முன்பு நோய் முற்றியிருந்தபோது என் சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். இப்போது அவள் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரில். போனில் கேட்டாள். "எனக்கென்ன, ஜம்முன்னு இருக்கேன்" என்றேன்.

நோய் திரும்பிவிட்டது என்று நினைப்பதைவிடக் கண்பட்டது என்று நினைப்பது சௌகரியமாக இருந்தது. உப்பும் காய்ந்த மிளகாயும் கையில் எடுத்த பிறகுதான், சுற்றிப்போட இன்னொரு ஆள் வேண்டுமே என்று உறைத்தது. பொழிச்சலூர் வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோனேன். தோள் பாதியில் நின்றுகொண்டது. கையை அப்படியே வைத்துக்கொண்டு நான் சுற்றினேன்.

கண்பட்டிருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். வாணலியில் போட்டதும் கமறியது. எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து கதவைத் தட்டுமளவுக்குக் கமறியது.

"இன்னா சார், வூட்டக் கொளுத்துறீங்களா?"

"திருஷ்டி கழிச்சேன்க்கா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"சுத்துனது யாரு?"

"அதுவும் நான்தான்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "ஒரு குரல் குட்த்தா வந்து சுத்த மாட்டனா? மூஞ்சியே சரியில்ல சார். மொதல்ல டாக்டராண்ட போங்க."

திருஷ்டி இல்லை என்றால் நோய்தான். ஆட்டோக்காரரிடம் ஜோக்கடித்துக்கொண்டே போனேன். ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காக உட்கார்ந்திருந்தபோது, துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டார். யாரும் வரவில்லை என்றேன், ஜோக் இல்லாமல்.

நோய் திரும்பவில்லை. ரத்தத்தில் அழற்சியின் அளவு ஏறியிருக்கவேயில்லை. மாத்திரைக்குப் பழகிப்போன உடம்பு, தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்காமல் விட்டிருந்தது. அதனால் குறைத்த அளவைத் தாங்கவில்லை. டாக்டர் பழைய அளவுக்கே திருப்பி, பிறகு இன்னும் மெதுவாகக் குறைத்தார். ஒவ்வொரு முறை குறைத்தபோதும் சில நாள் அதே வலி வந்தது, போனது. மனைவி இன்னும் பெங்களூரில்தான் இருந்தாள். அந்த நாட்களில் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு குரல் கொடுத்தேன்.